ஒன்றும் போடாத குடுவை

ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த அன்று எனக்குக் கொடுத்த மேசையில் ஏற்கனவே ஒருவர் குடியிருந்தார். ஆள் இல்லை. ஆள் போய் எட்டு மாதமாகியிருந்தது. சாமான்கள் மட்டும் அப்படியே இருந்தன. கதவுக்குப் பின்னால் ஆணியில் வெள்ளைக் கோட்டு, அதன் பையில் ஒரு பேனா, அலமாரியில் வரிசையாகப் புட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் 'என்னுடையது, தொடாதே'. செத்துப்போனவர் இப்படி அதட்டினால் யார்தான் தொடுவார்கள்? எட்டு மாதமாக ஒருத்தரும் தொடவில்லை. நான் தொட்டேன். வேறு மேசை இல்லை.

செங்கல்பட்டுக்கு வெளியே, ஏரியைப் பார்த்த மாடியில் இருந்தது எங்கள் வேதியியல் ஆய்வகம். தொண்ணூறுகள் முடிந்து புது நூற்றாண்டு பிறந்திருந்த சமயம். எங்கள் வீடு பஜார் பக்கம். அப்பாவை நாங்கள் அத்தா என்போம், அவருக்கு அங்கே பாத்திரக்கடை. எம்.எஸ்ஸி. முடித்ததே போதும் என்று வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே பிடியாக நின்று பிஎச்.டி.க்குச் சேர்ந்தேன். பிடிவாதம் எனக்குக் கூடப் பிறந்தது. கோபமும்தான்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், பெரிய மந்திரமில்லை. மருந்தோ சாயமோ பூச்சிமருந்தோ, எதைச் செய்யப் போனாலும் எங்காவது இரண்டு வளைய மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோக்க வேண்டிவரும். அவை தாமாகச் சேராது. நடுவில் நின்று சேர்த்துவைக்க ஒரு வினையூக்கி வேண்டும், கல்யாணத் தரகர் மாதிரி. ஜோடி சேர்த்துவிட்டு, தான் அப்படியே வெளியே வந்து அடுத்த ஜோடியைப் பார்க்கப் போய்விடும். இந்தத் தரகு வேலைக்கு எல்லோரும் நம்பியிருந்தது பல்லேடியம் என்ற அரிய உலோகத்தை. கூடவே, நிலத்தையும் நீரையும் பாழாக்கும் கரைப்பான்கள். அதெல்லாம் இல்லாமல், மலிவான, விஷமில்லாத ஏதாவது ஒன்றைப் போட்டு வெறும் தண்ணீரிலேயே செய்ய முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் கேள்வி.

முடியும் என்று கண்டுபிடித்தவர் அந்த மேசைக்காரர். கிளிஞ்சல். கடற்கரையில் காலில் குத்துமே, அதேதான். அதைச் சுட்டுப் பொடித்துத் தண்ணீரில் போட்டால் பல்லேடியத்தின் வேலையை அது செய்கிறது என்று நோட்டில் எழுதியிருந்தார். பத்துத் தடவை செய்து பத்துத் தடவையும் வந்திருந்தது. அதற்குமேல் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளிஞ்சல் பொறுக்கப் போனவரை, முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தபோதே அலை இழுத்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்துச் சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒதுங்கினார்.

எங்கள் கைடை நாங்கள் சார் என்று மட்டும்தான் சொல்வோம். அதிகம் பேசமாட்டார். சேர்ந்த அன்றே என்னை உட்காரவைத்து, "அவன் ஆரம்பிச்சதை நீ முடிக்கணும். பேப்பர் வர்றப்ப அவன் பேர் முதல்ல, உன் பேர் ரெண்டாவது. சம்மதமா?" என்றார். சம்மதம் என்றேன். வேறென்ன சொல்ல?

அந்தப் பேப்பருக்காக ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்பது முதல் சனிக்கிழமைதான் தெரிந்தது. இறந்தவரின் அப்பா. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாதாமாதம் முதல் சனிக்கிழமை வருவார். கையில் உரப்பை நிறையக் கிளிஞ்சல். மகன் போன பிறகு அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, நான் எவ்வளவு சொன்னாலும் உள்ளே வராமல் நிலைப்படி அருகே நின்று, "இன்னாம்மா, பேப்பர் வந்துச்சா?" என்பார்.

"இன்னும் இல்லீங்க. வேலை நடந்துக்கிட்டிருக்கு."

"நடக்கட்டும், நடக்கட்டும். கிளிஞ்சலு பத்துமா? அவன் எறங்குன எடத்துலதாம்மா பொறுக்கினேன். அங்கதான் நல்லா கீது."

அந்தப் பையை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தேன். ஈரம் தரையில் பரவியது. உப்பு காய்ந்து வெள்ளையாக ஒரு கோடு விழுந்து, எத்தனை தடவை துடைத்தும் அங்கேயே நின்றது.

கிளிஞ்சல் வேலை செய்தது. முதல் தடவையே வந்தது. வினை முடிந்ததா என்று பார்க்க, சிறு தகட்டில் ஒரு சொட்டு வைத்து, அதன்மேல் கரைப்பானை ஏறவிட்டு, புற ஊதா விளக்கின் கீழ் பிடிப்போம். பச்சையாக ஒளிரும் தகட்டில், இருக்கவேண்டிய இடத்தில் கருநீலப் பொட்டு ஒன்று என்னைப் பார்த்தது. கோத்த பொருள் குடுவையில் வெள்ளைச் சில்லுகளாகப் படியும். ஏதோ இலையைக் கசக்கினாற்போல ஒரு வாசனை வரும். அவருடைய நோட்டில் எந்த அளவு, எந்த நேரம் என்று இருந்ததோ அதையே செய்தேன், அதுவே வந்தது. இரண்டு வருடத்தில் அந்த நோட்டை என் நோட்டைவிட அதிகம் புரட்டியிருப்பேன். ஒரு நாள் என் நோட்டைப் பார்த்த ஜூனியர் பெண், "அக்கா, நீங்க எப்ப இருந்து ஏழுக்கு நடுவுல கோடு போடறீங்க?" என்று கேட்டாள். பார்த்தேன். ஏழுக்கெல்லாம் கோடு. அது என் பழக்கமில்லை. அவருடையது. அன்று வீட்டுக்குப் போய் ஒரு தாள் முழுக்க ஏழு எழுதிப் பார்த்தேன். கோடில்லாமல் எழுத வேண்டுமென்றால் கையைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

மூன்றாவது வருடம் ஓர் ஆய்விதழுக்குப் பேப்பரை அனுப்பினோம். பதில் வந்தது. நல்ல வேலை, ஒரே ஒரு கேள்வி என்றார்கள். கிளிஞ்சல் போடாமல் மற்றதையெல்லாம் போட்டுச் செய்து பார்த்தீர்களா? ஒன்றும் வரவில்லைதானே? அதை மட்டும் காட்டுங்கள்.

நியாயமான கேள்வி. வினையூக்கியைப் போடாமல் செய்து பார்க்கும் சோதனையை பிளாங்க் என்போம். அது வராமல் இருந்தால்தான், வந்ததெல்லாம் வினையூக்கியால் வந்தது என்று சொல்ல முடியும். முதல் நாளே செய்யவேண்டியது. நான் ஏன் செய்யவில்லை என்றால், அவர் செய்துவிட்டதாக எழுதியிருந்தார். நோட்டின் ஓரத்தில், தேதியில்லாமல், ஒரு வரி: 'பிளாங்க் - 0'. செத்தவர் எழுத்தைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. சார், "ஒரு தடவை பண்ணி அனுப்பிடு, அரை நாள் வேலை" என்றார்.

காலையில் குடுவையைக் கழுவி வைத்தேன். தண்ணீர், சோடா உப்பு, கோக்கவேண்டிய இரண்டு பொருள்கள். கிளிஞ்சல் இல்லை. அடுப்புத் தட்டில் வைத்துச் சுழலவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். கதவைத் திறக்கும்போதே அந்த வாசனை வந்தது. கசக்கிய இலை வாசனை.

பிரமை என்று நினைத்தேன். தகட்டைப் பிடித்தேன். கருநீலப் பொட்டு. இருக்கவேண்டிய, இருக்கக்கூடாத இடத்தில். சாயங்காலத்துக்குள் வெள்ளைச் சில்லுகள் கொத்தாகப் படிந்துவிட்டன. தரகரே இல்லாமல் கல்யாணம் நடந்துவிட்டது.

விட்டேனா? குடுவையை மாற்றினேன். வந்தது. தண்ணீரை நானே காய்ச்சி வடித்தேன். வந்தது. சோடா உப்பில் புது டப்பா உடைத்தேன். வந்தது. மேசையை மாற்றி, அறையையே மாற்றி, கீழ்த்தளத்தில் பி.எஸ்ஸி. பிள்ளைகளின் ஆய்வகத்தில் போய்ச் செய்தேன். அங்கேயும் வந்தது. என் கூடவே வந்தது.

ஜூனியர் பெண்ணைச் செய்யச் சொன்னேன். என் குடுவை, என் தண்ணீர், என் பொருள்கள், எல்லாம் கொடுத்தேன். அவளுக்கு வரவில்லை. பூஜ்யம். சுத்தமாக ஒன்றும் இல்லை. கிளிஞ்சல் போட்டுச் செய்யச் சொன்னேன். அதுவும் பூஜ்யம். அவள் வருத்தப்பட்டாள்: "எனக்குக் கைராசி இல்லக்கா." ஆய்வகத்தில் இப்படிச் சொல்வது சகஜம், சிலர் கைக்கு வினை வரும், சிலர் கைக்கு வராது. ஆனால் ஒன்றுமே போடாத குடுவையில் வரவைக்கும் கை எந்த ஊர்க் கை? அன்று என் கைகளைப் பார்த்தேன். எனக்கே அருவருப்பாக இருந்தது.

விஷயம் பரவிவிட்டது. எங்கள் அட்டெண்டர் அண்ணன் குடுவை கழுவுவதிலிருந்து ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்குப் பொட்டு வைப்பதுவரை எல்லாம் பார்ப்பவர். அவர் என் மேசைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். ஒரு காலையில் என் அலமாரி மேல் நறுக்கிய எலுமிச்சம்பழம் குங்குமத்தோடு இருந்தது. ஆணியில் தொங்கிய கோட்டின் காலரிலும் ஒரு பொட்டு.

"இன்னாண்ணே இது?" என்று கத்தினேன்.

"மேடம், கோச்சிக்காதீங்க. அது உங்க வேல இல்ல. அந்தப் புள்ள ஆரம்பிச்சிட்டுப் பூட்டான். முடிக்காம அல்பாயுசுல போனவன் சும்மா இருப்பானா? அவன்தான் செஞ்சினுகீறான்."

வீட்டில் சொல்லியிருக்கக்கூடாது, சொல்லித் தொலைத்தேன். அம்மா இரண்டு நாள் என்னை முறைத்துவிட்டு, "மௌத்தாப்போன புள்ள சாமானத் தொடாதேன்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டியா?" என்று ஒரு பாட்டில் தண்ணீரில் ஓதி ஊதிக் கையில் கொடுத்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு மீதியை மேசையைச் சுற்றித் தெளிக்க வேண்டுமாம். அறிவியல் படிக்கிற பெண் இதையெல்லாம் செய்வாளா என்று கேட்டால், குடித்தேன். தெளிக்கவும் செய்தேன். மறுநாளும் தகட்டில் கருநீலப் பொட்டு வந்தது.

பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். பட்டப்பகல்தான். மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போகும்; ஆய்வகத்தில் சுழன்றுகொண்டிருந்ததெல்லாம் ஒரே நொடியில் நிற்கும். அந்த அமைதியில் கதவுப் பக்கமிருந்து டக், டக் என்று சத்தம் வரும். யாரோ விரலால் தட்டுவதுபோல. ஒரு நாள் எழுந்துபோய்ப் பார்த்தேன். ஏரிக்காற்றில் கோட்டு ஆடி, அதன் பைப் பேனா கதவில் இடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். ஆனால் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகும் பிடரி மயிர் அடங்கவில்லை. ஆத்திரம் பொங்கிவந்தது. கோட்டைப் பார்த்து, "என்னய்யா வேணும் உனக்கு? என் மூணு வருஷத்தையும் முழுங்கணுமா?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். உள்ளே வந்துகொண்டிருந்த ஜூனியர் பெண் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் அட்டெண்டர் அண்ணனை இழுத்துவந்து மேசைக்கு முன்னால் நிறுத்தினேன். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, கதவுக்கு ஓடத் தயாராக நின்றார். "நீங்கதான் சாட்சி. நான் என்னென்ன போடறேன்னு எண்ணுங்க. ஏதாவது தெரியாம போடறேனான்னு எனக்குத் தெரியணும்" என்றேன். ஒவ்வொன்றாகப் போட்டேன். அவர் விரல்விட்டு எண்ணினார்.

"தண்ணி ஒண்ணு. சோடா ரெண்டு. இந்த வெள்ளப் பொடி மூணு. நெடியடிக்குதே, இந்த எண்ண நாலு. மேக்னட்டு அஞ்சு."

"மேக்னட்டையெல்லாம் எண்ணாதீங்கண்ணே."

"இன்னா மேடம், உள்ள போட்டா எண்ண வேணாமா?"

வாயைத் திறந்தவள் மூடவில்லை. குடுவையைத் தூக்கி அடியைப் பார்த்தேன்.

குடுவைக்குள் கலக்குவதற்கு வெள்ளைப் பூச்சுப் போட்ட சிறு காந்தத் துண்டு ஒன்றைப் போடுவோம். மாத்திரை அளவு இருக்கும். அடியில் தட்டு சுழல, உள்ளே அது சுழலும். அதைத்தான் மேக்னட் என்போம். எந்தச் செய்முறையிலும் அதை எழுதமாட்டோம். கரண்டியை யார் சாம்பார்க் குறிப்பில் எழுதுகிறார்கள்? நல்ல மேக்னட் கிடைப்பது அபூர்வம் என்பதால், படிப்பு முடித்துப் போகிறவர்கள் தம்முடையதை அந்த மேசைக்கு அடுத்து வருபவருக்கு விட்டுப்போவது எங்கள் ஆய்வகத்து வழக்கம். அவரவர் மேக்னட் அவரவருக்கு. பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி யாரும் கடன் கொடுக்கமாட்டோம். ஜூனியருக்கு என் குடுவை, தண்ணீர் எல்லாவற்றையும் கொடுத்தவள், குடுவையிலிருந்து மேக்னட்டை மட்டும் எடுத்துத் துடைத்து என் டிராயரில் போட்டுவிட்டுத்தான் கொடுத்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. கீழ்த்தளத்துக்குப் போனபோதும் அது என் பையில்தான் வந்தது.

அது அவருடைய மேக்னட். கிளிஞ்சலுக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் அவர் பல்லேடியத்தில் வேலை செய்தவர்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சில் கீறல்கள். கீறல்களுக்குள் கறுப்பாகப் புள்ளிகள், பேன் முட்டை அளவு கூட இல்லை. அழுக்கு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

புது மேக்னட் ஒன்றை வாங்கிப் போட்டேன். பூஜ்யம். கிளிஞ்சலோடு புது மேக்னட், பூஜ்யம். கிளிஞ்சல் இல்லாமல் பழைய மேக்னட், வெள்ளைச் சில்லுகள். ஆக, அவருக்கும் எனக்கும் இத்தனை வருடம் வேலை செய்தது கிளிஞ்சல் இல்லவே இல்லை. அவர் கையிலிருந்து அந்தக் கீறல்களில் தங்கிப்போன பல்லேடியத் துளிதான். குடுவை குடுவையாகத் தரகு பார்த்துவிட்டு, அப்படியே மறுபடி கீறலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

கண்டுபிடித்துவிட்ட வெறி எனக்கு. தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகத்தில் அந்த மேக்னட்டைப் போட்டுக் காய்ச்சினேன். கழுவிய திராவகத்தில் பாதியைச் சென்னையில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பல்லேடியம்தான் என்று எழுதி அனுப்பினார்கள். மீதியைச் சுண்ணாம்பு போட்டு அடக்கிக் கொட்டினேன். ஒரு தடவை கழுவியதில் பொட்டு மங்கியது. இரண்டாவது கழுவலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். மூன்றாவது கழுவலுக்குப் பிறகு ஒன்றுமில்லை. தகடு முழுக்கப் பச்சை. "ஒழிந்ததடா சனியன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அட்டெண்டர் அண்ணனுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தேன். கோட்டை ஆணியிலிருந்து எடுத்து மடித்து அலமாரியில் வைத்தேன். அன்று மத்தியானம் கரண்ட் போனபோது சத்தம் எதுவும் வரவில்லை.

சந்தோஷம் அந்த வாரம்கூடத் தாங்கவில்லை. சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். 'பிளாங்க் - 0' என்ற வரியின் மேல் அவர் விரல் நின்றது. அந்த மேக்னட்டோடு பூஜ்யம் வந்திருக்க வழியே இல்லை. அன்று வேறு மேக்னட் போட்டாரா, இல்லை செய்யாமலே எழுதினாரா? கேட்க ஆளில்லை. சார் நோட்டை மூடினார். "பேப்பரைத் திரும்ப வாங்கிடலாம். ஆனா இது மத்தவங்களுக்குத் தெரியணும். பழைய மேக்னட் ஏமாத்தும்னு சின்னதா ஒரு குறிப்பு எழுது. உன் தீஸிஸுக்கு வேற பாத்துக்கலாம். ரெண்டு வருஷம் கூட ஆகும்."

"குறிப்புல அவர் பேர் போடணுமா சார்?"

"அவன் தப்புன்னு சொல்ற குறிப்பு. அவன் பேர் முதல்ல இருக்கணுமா வேணாமான்னு நாம முடிவு பண்ண முடியாது. அவங்க அப்பாவைக் கேளு."

"நானா?"

"உங்கிட்டதானே பேசறார்."

சார் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அந்த மனுஷரோடு ஐந்து நிமிடம் நின்று பேசாதவர், சாவுச் செய்தியை இரண்டாம் தடவை சொல்ல என்னை அனுப்புகிறார். என் இரண்டு வருடம் போவது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எதற்காக மகன் கடலில் இறங்கினானோ, எதற்காக அப்பா மாதாமாதம் அதே இடத்தில் குனிந்து பொறுக்கினாரோ, அந்தக் கிளிஞ்சல் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வேண்டும்.

முதல் சனிக்கிழமை வந்தது. அவரும் வந்தார், பையோடு. "இன்னாம்மா, பேப்பர் வந்துச்சா?"

வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "பேப்பர் வராதுங்க" என்று ஆரம்பித்து, ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். மேக்னட், கீறல், பழைய உலோகம், எல்லாம். பாதிக்கு மேல் புரியாது என்று நினைத்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஒட்டிக்கினு இருந்திருக்குது."

"ஆமாங்க."

"எங்க வேலையே அதாம்மா. கண்ணுக்குத் தெரியாது. வெளிய வர்றப்ப கை, காலு, செருப்பு, அல்லாத்தையும் மிஷின்ல காட்டணும். எதுனா ஒட்டிக்கினு இருந்தா அது கத்தும். சுத்தமாக் கழுவாம வூட்டுக்கு வுடமாட்டாங்க." காலடியில் இருந்த பையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்போ கிளிஞ்சலு?" என்றார்.

"அது ஒண்ணும் செய்யலீங்க."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

பையின் வாயை இழுத்து இறுக்கிக் கட்டினார். "அதுக்கோசரம்தான் போனான்" என்றார். என்ன சொன்னாலும் பொய்யாக இருந்திருக்கும்.

பேர் விஷயத்தையும் கேட்டேன். பூஜ்யம் என்று அவர் மகன் எழுதிவைத்ததை மட்டும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"போடும்மா. தப்புன்னாலும் அவன் பண்ணதுதான? முதல்லயே போடு" என்றார். அப்புறம் எதையோ யோசித்து என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேக்கறேன். இத்தினி வருசமா உங்கூட வேல செஞ்சினு இருந்துச்சே, அது அவன் கைலேர்ந்து வந்ததுதான?"

"ஆமாங்க. அவர் வச்சிட்டுப் போனதுதான்."

"அவன் போனதுக்கப்பறமும் செஞ்சினு இருந்துச்சு."

"ஆமாங்க."

அவர் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை அவரிடம் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கும், முட்டாள், மனசு லேசாகிவிட்டது. ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நான் பாக்கலாமா அத்த?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க."

"தெரியாட்டி போவுது. கீதுல்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இல்லீங்க. கழுவிட்டேன்."

"கழுவிட்டியா?"

"மூணு தடவை. பூஜ்யம் வர்ற வரைக்கும்."

அவர் தலையாட்டினார், வேலை தெரிந்த ஆள் இன்னொரு வேலை தெரிந்த ஆளைப் பார்த்து ஆட்டுவதுபோல. "அப்பிடிதாம்மா கழுவணும். நாங்களும் அப்பிடிதான்." கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டார். இன்னொரு தடவை தலையாட்டினார். "கொஞ்சம் வுட்டு வெச்சிருக்கலாம்" என்றார்.

எனக்கு அழுகை வெடித்துவிட்டது. மூன்று வருடம் ஒரு மனிதரோடு ஒரே மேசையில் வேலை செய்திருக்கிறேன், அவரைப் பார்த்துப் பயந்திருக்கிறேன், கத்தியிருக்கிறேன், அவர் செத்துப்போனவர் என்று ஒருநாளும் அழுததில்லை. அவருடைய அப்பா எழுந்துபோய் வராந்தாப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.